ஃபைபர் பட்டறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற வழியில் ஒரு தகரக் கொட்டகையில் பதினெட்டு வருடமாக ஃபைபர் வேலை செய்கிறேன். தொட்டி மூடி, பஸ்ஸின் பின்பக்கம், குளியலறைக் கதவு, ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு ஒரு குதிரை. ஐடிஐ, பாலிடெக்னிக் பிள்ளைகள் பிராஜெக்ட் என்று வருவார்கள், விவசாயிகள் ஓட்டைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், இரண்டு கூட்டமும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொரு தடவையும் ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னால் வாளியில் ரெசின் என்கிற பிசின் கல்லாகிவிடுகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

ஃபைபர் ஃபைபர் என்கிறீர்களே, அது பிளாஸ்டிக்கா, கண்ணாடியா?

இரண்டும். முடியைவிட மெல்லிய கண்ணாடி நூல்களை மேட் என்கிற விரிப்பாகவோ துணியாகவோ விரித்து, அதன் மேல் திரவ ரெசினை ஊற்றி ஊறவைத்து, கெட்டியாக விட்டால் எஃப்.ஆர்.பி., அதாவது நூலால் பலப்படுத்திய பிளாஸ்டிக். அவ்வளவுதான்.

ஒகேனக்கல் பரிசலை நினைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய கூடை ஆட்களின் பாரத்தைத் தாங்குகிறது, அதன் மேல் போர்த்திய பிளாஸ்டிக் தாளும் தாரும் தண்ணீரைத் தடுக்கின்றன (முன்பெல்லாம் தோல் போர்த்துவார்கள்). ஆளுக்கு ஒரு வேலை. ஃபைபரும் அதே குடும்பம்தான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பரிசலில் தார் உரிந்தாலும் கூடை கூடையாகவே நிற்கும். ஃபைபரில் ரெசின் ஒவ்வொரு நூலையும் சுற்றிக் கவ்விப் பிடித்திருக்க வேண்டும், ஒரு நூல் வாங்கிய பாரத்தைப் பக்கத்து நூலுக்குக் கைமாற்றுவதே அந்தப் பிடிதான். பிடி விட்ட இடத்தில் மிச்சம் இருப்பது கொஞ்சம் பஞ்சும் கொஞ்சம் பிளாஸ்டிக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருகிற பாதிக் கேள்விகளுக்குப் பதில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கண்ணாடி கீழே விழுந்தால் உடைகிற சாமான். அதைப் போட்டால் எப்படிப் பலம் வரும்?

நல்ல கேள்வி, இதைக் கேட்காமல் போகிறவர்கள் மேல்தான் எனக்கு வருத்தம். கண்ணாடி உடைவதற்குக் காரணம் அதன் மேற்பரப்பில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். பாரம் வந்தால் ஒரு கீறலின் முனையில் எல்லா அழுத்தமும் குவிந்து கிழித்துக்கொண்டே போய்விடும். இங்கிலாந்தின் கிரிஃபித் 1921இல் வெளியான தன் ஆய்வில் கண்ணாடியை இழுத்து இழுத்து மெல்லிய நூலாக்கிச் சோதித்தார், நூல் மெலிய மெலிய பலம் ஏறிக்கொண்டே போனது. மெல்லிய நூலில் பெரிய கீறலுக்கு இடமே இல்லை. அப்படியே ஒரு நூல் அறுந்தாலும் அந்த உடைப்பு ரெசினைத் தாண்டி அடுத்த நூலுக்கு எளிதில் பரவாது. கயிறு மாதிரிதான், ஒரு புரி போனால் கயிறு போய்விடாது.

எடையையும் பாருங்கள். இரும்பு தண்ணீரைப் போல 7.8 மடங்கு கனம், கண்ணாடி நூல் 2.5 மடங்கு, ரெசின் 1.2 மடங்கு. கலந்து செய்த பலகையை ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போவதற்கு இதுதான் காரணம்.

இதைக் கண்டுபிடித்தது யார்?

ஒரு ஆள் பெயர் சொல்ல முடியாது, நாலைந்து பேர் தனித்தனியாகச் செய்தது ஒன்று சேர்ந்தது. பேக்லாண்ட் 1907இல் பேக்லைட் செய்தார், முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக் அது. பழைய வீடுகளில் கறுப்பு ஸ்விட்ச் இருக்குமே, அதுதான். 1932இல் அமெரிக்காவின் ஓவன்ஸ் இல்லினாய் கம்பெனியில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் இரண்டு கண்ணாடிக் கட்டிகளை ஒட்ட முயன்றுகொண்டிருந்தபோது, உருகிய கண்ணாடியின் மேல் காற்று வேகமாகப் பட்டு மெல்லிய நூலாகப் பறந்தது. அவருடைய மேலதிகாரி கேம்ஸ் ஸ்லேட்டர் அதைத் தொழிலாக மாற்றினார், 1938இல் ஓவன்ஸ் கார்னிங் பிறந்தது. அதே காலத்தில் கார்ல்டன் எல்லிஸ் பாலியஸ்டர் ரெசினுக்கு வழி காட்டினார், சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டானும் அமெரிக்காவில் சில்வன் கிரீன்லீயும் எபாக்சி என்ற இன்னொரு ரெசின் பக்கம் போனார்கள். நூல் ஒரு பக்கம், பசை ஒரு பக்கம் தயாராகிவிட்டது. 1942இல் ரே கிரீன் ஃபைபர் படகு செய்துவிட்டார், 1953இல் கார்வெட் கார் ஃபைபர் உடம்போடு வந்துவிட்டது.

அப்புறம் என்ன, எல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டதே?

இங்கேதான் நிறையப் பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். பிராஜெக்ட் பிள்ளைகள் நூறு பேர் வந்தால் தொண்ணூறு பேர் புதுப் பொருள் செய்யப் போவதாகச் சொல்வார்கள், அதைக் கலக்கலாமா இதைக் கலக்கலாமா என்பார்கள். கண்ணாடி நூலும் ரெசினும் 1940களிலேயே வந்துவிட்டன. அதற்குப் பிறகு இந்தத் தொழிலை முன்னே தள்ளியது பெரும்பாலும் செய்முறைதான். நூலை எப்படி வரிசையாகப் படுக்கவைப்பது, ரெசினை எப்படி உள்ளே அனுப்புவது, காற்றை எப்படி வெளியே அனுப்புவது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் நான் தினமும் சம்பளம் வாங்குகிறேன்.

கையால் மேட் வைத்து ரோலர் ஓட்டும் வேலையில் கண்ணாடி மூன்றில் ஒரு பங்கு எடைகூட வராது, மீதியெல்லாம் ரெசின். ரோலரை எவ்வளவு அழுத்தினாலும் குமிழி எங்கேயாவது ஒளிந்துகொள்ளும். ஒரு குமிழி இருக்கிற இடத்தில் பிடி இல்லை. தண்ணீர்த் தொட்டியில் அங்கேதான் கசியும், பஸ் பேனலில் அங்கேதான் விரியும்.

வேக்குவம் என்கிறார்களே, அது என்ன செய்கிறது?

மோல்டில், அதாவது அச்சில், காய்ந்த கண்ணாடித் துணியை அடுக்கி, மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு ஓரத்தை ஒட்டி, பம்ப் வைத்து உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சிவிடுவது. வெளிக்காற்று ஷீட்டின் மேல் ஏறி உட்காரும், கடல் மட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10 டன். அந்தப் பாரத்தை எந்த ஆளாலும் ரோலரில் கொடுக்க முடியாது. அப்புறம் ஒரு குழாயைத் திறந்தால் ரெசின் தானாக உள்ளே ஓடும், குமிழி வருவதற்கு அங்கே காற்றே இல்லை.

யோசனை பழசு. மார்கோ கெமிக்கல்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 1950இலேயே இதற்கு பேட்டண்ட் வாங்கிவிட்டது. ஆனால் அடர்ந்த துணிக்குள் ரெசின் நகர்வது வறண்ட மண்ணில் சொட்டு நீர் பரவுவது மாதிரி, பெரிய சாமான் என்றால் பாதி தூரம் போவதற்குள் கெட்டியாகிவிடும். நாற்பது வருடம் கழித்து, 1990இல், வில்லியம் சீமன் வாங்கிய பேட்டண்டில் இருந்தது என்ன தெரியுமா? துணியின் மேல் ஒரு வலை. ரெசின் முதலில் வலை வழியாக வாய்க்காலில் ஓடுவதுபோலச் சட்டென்று முழுப் பரப்புக்கும் போய்விடும், அதன் பிறகு மேலிருந்து கீழே சில மில்லிமீட்டர் இறங்கினால் போதும். படகின் அடிப்பாகம் முழுவதையும் ஒரே மூச்சில் செய்ய முடிந்தது இதனால்தான். வாய்க்கால் வெட்டிப் பாத்திக்குத் தண்ணீர் கட்டுகிற நம் ஊர் ஆளுக்கு இதைச் சொன்னால் "இதுக்கா பேட்டண்ட் குடுத்தாங்க" என்று சிரிப்பார். ஆமாம், இதற்குத்தான்.

ஓசூர்க்காரர்களுக்கு ஒரு இடைச்செருகல். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், அங்கே காற்றழுத்தமே சென்னையைவிட ஒரு பத்து சதவீதம் குறைவு. சென்னையில் வேக்குவம் கேஜ் 760 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் போகும், ஓசூரில் எவ்வளவு நல்ல பம்ப் வைத்தாலும் 680ஐ ஒட்டி நின்றுவிடும். லீக் என்று நினைத்து நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை சீல் டேப்பைப் பிரித்துப் பிரித்து ஒட்டியிருக்கிறேன்.

ஆர்.ஓ. பிளாண்டில் உயரமாக ஒரு நீலத் தொட்டி இருக்கிறதே, அதுவும் கையால் செய்ததா?

இல்லை, அது சுற்றியது. ஃபுளோரைடு தண்ணீரால் பல் கறை பிடித்த தர்மபுரிக் கிராமங்களில் ஆர்.ஓ. இல்லாத ஊர் குறைவு, அந்த நீலத் தொட்டியைப் பார்க்காத ஆளும் குறைவு. உள்ளே ஒரு பிளாஸ்டிக் கூடு, அதன் மேல் ரெசினில் தோய்ந்த கண்ணாடி நூலை மெஷின் சுற்றிச் சுற்றிப் போடும். ஃபிலமெண்ட் வைண்டிங் என்பார்கள். ராக்கெட் மோட்டாரின் கூட்டிலிருந்து இண்டேன் 2021இல் கொண்டுவந்த காம்போசிட் (நூலும் ரெசினும் சேர்ந்த) கேஸ் சிலிண்டர் வரை எல்லாம் இந்த வழிதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது கோணம். உருளைக்குள் அழுத்தம் வந்தால், வயிற்றைப் பிளக்கப் பார்க்கும் விசை தலையைப் பிய்க்கப் பார்க்கும் விசையைப் போல இரண்டு மடங்கு. இரண்டையும் ஒரே நூல் சமாளிக்க வேண்டும் என்றால் நீளவாக்கிலிருந்து 54.7 டிகிரி சாய்த்துச் சுற்ற வேண்டும். இரும்புக்கு எல்லாத் திசையிலும் ஒரே பலம்தான், வேண்டாத திசையிலும் பலத்தைச் சுமந்துகொண்டு கனமாக உட்கார்ந்திருக்கும். நூலை மட்டும்தான் வேண்டிய பக்கம் திருப்ப முடியும்.

நம் ஊரில் இந்த வேலையை எப்போதிலிருந்தோ செய்துகொண்டிருக்கிற ஒருவர் இருக்கிறார்: பட்டுப்புழு. தர்மபுரி பட்டுக்கூடு மார்க்கெட்டுக்குப் போனால் குவியல் குவியலாகப் பார்க்கலாம். தலையை எட்டு போலத் திருப்பித் திருப்பி ஆயிரம் மீட்டர் வரைக்கும்கூட ஒரே நூலாகச் சுற்றுகிறது, நூலின் மேல் செரிசின் என்ற பசை பூசியே வருகிறது. கூட்டின் எடையில் முக்கால் பங்குக்குப் பக்கம் நூல், மீதி பசை. மெஷினில் சுற்றிய நல்ல தொட்டியிலும் ஏறக்குறைய அதே கணக்குதான். நாங்கள் கையால் செய்வதில் மூன்றில் ஒரு பங்குகூட நூல் வராது என்று மேலே சொன்னேன் அல்லவா, அதை ஒரு புழு தோற்கடிக்கிறது.

ஃபைபர் ஏணி, ஃபைபர் ராடு எல்லாம் ஒரே சீராக நீளமாக வருகிறதே?

முறுக்குப் பிழிவது தெரியும் அல்லவா, அதில் மாவை மேலிருந்து தள்ளுகிறோம். நூலைத் தள்ள முடியாது, சுருண்டுவிடும். அதனால் முன்னாலிருந்து இழுக்கிறார்கள். நூல் ரெசின் தொட்டியில் குளித்து, டை என்கிற சூடான அச்சுத் துவாரத்துக்குள் புகுந்து, அந்தப் பக்கம் கெட்டியான கம்பியாக வெளியே வரும், ரம்பம் வேண்டிய நீளத்தில் அறுக்கும். புல்ட்ரூஷன் என்று பெயர். 1950களில் இதை வளர்த்தவர்களில் பிராண்ட் கோல்ட்ஸ்வொர்த்தி பெரிய பெயர்.

கார்பன் ஃபைபர் ஏன் இவ்வளவு விலை?

மூல நூலின் விலையும் சுடுகிற செலவும். பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற வெள்ளை நூலை முதலில் காற்றில் 200, 300 டிகிரியில் வாட்டி, பிறகு காற்றே இல்லாமல் நைட்ரஜனில் 1000 டிகிரிக்கு மேல் கருக்க வேண்டும், எடையில் ஏறக்குறைய பாதி பறந்துபோய்விடும். 1958இல் ரோஜர் பேக்கன் அமெரிக்காவில் முதல் உயர்பலக் கார்பன் நூலைப் பார்த்தார், 1961இல் ஜப்பானின் அகியோ ஷிண்டோ மேலே சொன்ன வெள்ளை நூலிலிருந்து செய்யும் வழியைக் காட்டினார், 1960களின் நடுவில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வகம் அதை இன்னும் பலமாக்கியது. போயிங் 787 விமானத்தின் எடையில் பாதி காம்போசிட், நம் தேஜஸ் போர் விமானத்தில் ஏறக்குறைய 45 சதவீதம். தண்ணீர்த் தொட்டிக்குக் கார்பன் போடச் சொல்லி வருகிறவர்களை மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

தேங்காய் நார், கத்தாழை நார் போடலாமா? காவேரிப்பட்டணம் பக்கம் நார் கொட்டிக் கிடக்கிறதே?

போடலாம், ஆனால் கண்ணாடிக்குப் பதில் என்று நினைத்துப் போடாதீர்கள். நாருக்குத் தண்ணீர் பிடிக்கும், ரெசினுக்குத் தண்ணீர் பிடிக்காது. ஈரம் குடித்த நார் உப்பும், காய்ந்தால் சுருங்கும், மழைக்காலமும் வெயில்காலமும் மாறி மாறி வந்தால் பிடி விட்டுப்போகும். அதனால் நாரைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்து, மேலே இருக்கிற மெழுகையும் பிசினையும் நீக்கி, நன்றாகக் காயவைத்த பிறகுதான் உபயோகிப்பார்கள். தேங்காய் நார் நன்றாக நீளும், ஆனால் இழுவைப் பலம் குறைவு. கத்தாழை நார் அதைவிட எவ்வளவோ தேவலை.

உள்ளறைப் பலகை, சத்தம் அடக்கும் தட்டு, கார் கதவின் உள்பக்கம் போன்றவற்றுக்கு இது நல்ல சரக்கு. கிழக்கு ஜெர்மனியில் 1957இலிருந்து ஓடிய டிராபண்ட் காரின் உடம்பு பஞ்சாலைக் கழிவையும் ஃபீனாலிக் ரெசினையும் அழுத்திச் செய்ததுதான். தகரம் கிடைக்காத ஊரில் பிறந்த யோசனை.

நான் புதிதாக ஒன்று செய்திருக்கிறேன், பேட்டண்ட் கிடைக்குமா?

முதலில் என் கதை. சீமனின் வலையைப் பற்றிப் படித்தபோது அந்த வலையை விலை விசாரித்தேன், தலை சுற்றியது. ஓசூர் ரோஜாத் தோட்டத்துக்காரர் ஒருவர் கிழிந்த நிழல் வலையை மூலையில் குவித்து வைத்திருந்தார். "அண்ணா, இதை எடுத்துக்கட்டுமா?" என்றேன், "குப்பைதானேப்பா, அள்ளிட்டுப் போ" என்றார். கழுவிக் காயவைத்துப் போட்டுப் பார்த்தேன், ரெசின் அழகாக ஓடியது. உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது. பேட்டண்ட் வேலை தெரிந்த ஒருவரிடம் போனேன், அவர் பத்து நிமிடத்தில் காற்றை இறக்கிவிட்டார். வலை போடுவது ஏற்கெனவே தெரிந்தது, ஒரு வலைக்குப் பதில் இன்னொரு வலை என்பது இந்தத் துறை தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடியது. புதுமையும் வேண்டும், தோன்றாத்தன்மையும் வேண்டும், தொழிலில் பயன்படவும் வேண்டும், மூன்றும் சேர்ந்தால்தான் சட்டத்தின் கண்ணில் அது கண்டுபிடிப்பு.

காம்போசிட்காரர்கள் குறிப்பாகப் பார்க்க வேண்டியது 1970ஆம் வருடக் காப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் வரும் (e) உட்பிரிவு. இரண்டைக் கலந்தேன், இதன் குணமும் அதன் குணமும் கூட்டாகக் கிடைத்தது என்றால் அது வெறும் கலவை, தர மாட்டார்கள். கலந்ததால் இரண்டிலும் இல்லாத ஒரு பலன் வந்தது என்று அளந்து காட்ட வேண்டும். பிராஜெக்ட் பிள்ளைகளின் "பத்து சதவீதம் நார், ஐந்து சதவீதம் சாம்பல்" எல்லாம் இந்த வாசலில்தான் தடுக்கி விழுகிறது. பாட்டி காலத்திலிருந்து தெரிந்த மண்ணும் வைக்கோலும் போன்ற மரபு அறிவுக்கும் கிடையாது. செய்முறையில் வந்த கண்டுபிடிப்புக்கு வாய்ப்பு இதைவிட நல்லது என்பது என் எண்ணம்.

இன்னும் ஒன்று, விண்ணப்பம் போடும் முன்னால் கண்காட்சியில் வைக்காதீர்கள், வீடியோ போடாதீர்கள், போட்டால் புதுமை போய்விடும். முழுசாகத் தயாராகவில்லை என்றால் தற்காலிக விவரக்குறிப்போடு தேதியைப் பிடித்துக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்கலாம். நமக்குச் சென்னை கிண்டி அலுவலகம், ஆன்லைனிலேயே போடலாம், தனி ஆளுக்கு விண்ணப்பக் கட்டணம் 1600 ரூபாய். எழுதிக் கொடுப்பவரின் கூலி வேறு கணக்கு. கிடைத்தால் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 வருடம்.

அந்த 20 வருடத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சீமனின் 1990 பேட்டண்ட் எப்போதோ முடிந்துவிட்டது, அதில் இருக்கிற படம், அளவு, குழாய் வைக்கும் இடம் எல்லாம் இன்று யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம். கூகுள் பேட்டண்ட்ஸில் போய் B29C 70 என்ற வகைப்பாட்டைத் தேடினால் காம்போசிட் வார்ப்பு முறைகள் கொட்டும், 70/44 வேக்குவம் பை பக்கம், 70/52 இழுத்துச் செய்வது. கம்பெனிகள் கோடி செலவழித்துக் கற்றுக்கொண்டது இலவசமாகக் கிடக்கிறது. நான் படித்த எந்தப் பாடப்புத்தகத்திலும் அவ்வளவு விவரம் இல்லை.

வெயில் காலத்தில் ரெசின் உடனே கெட்டியாகிவிடுகிறதே?

வெப்பம் 10 டிகிரி ஏறினால் கெட்டியாகும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். மார்கழியில் கலந்த அளவைச் சித்திரையில் கலந்தால் கதை முடிந்தது. ரெசினைக் கெட்டியாக்க ஊற்றுகிற கேட்டலிஸ்டைக் குறையுங்கள், ஆனால் 1 சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள், போனால் வேகாத ரெசின் பிசுபிசு என்று நிற்கும். விடியற்காலையில் வேலையை முடிப்பதுதான் நல்ல வழி. கலந்ததை ஆழமான வாளியில் விடாமல் அகலமான தட்டில் ஊற்றி வைத்தால் சூடு வெளியேறும். முதல் வருடம் நான் பத்துக் கிலோவைக் கலந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன், திரும்பி வந்தபோது வாளி புகைந்து, உருகி, தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தழும்பு இன்னும் சிமெண்டில் இருக்கிறது.

இந்த இடத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். கெட்டியாவதை வேகப்படுத்துகிற கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது, வெடிக்கும். கோபால்டை முதலில் ரெசினில் முழுக்கக் கலக்கிவிட்டு, அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டு பாட்டிலும் ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது, ஒரே அளவுக் குவளையும் கூடாது. கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடுகிற தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரெசினில் இருக்கிற ஸ்டைரின் 31 டிகிரியிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். நம் ஊரில் அது சாதாரண மத்தியானம். கொட்டகைக்குள் பீடிக்கு இடமில்லை.

பழைய ஃபைபரை உருக்கி மறுபடி செய்யலாமா?

முடியாது. வெந்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க முடியாது அல்லவா, அது மாதிரி. சிமெண்ட் சூளையில் எரித்தால் ரெசின் எரிபொருளாகும், கண்ணாடி சிமெண்டோடு போய்விடும், இன்றைக்கு நடைமுறையில் இருக்கிற ஒரு வழி அது. 2011இல் பிரான்ஸின் லுட்விக் லைப்லர் குழு சூடு பட்டால் பிணைப்புகளை மாற்றிக்கொள்கிற விட்ரிமர் என்ற வகையைக் காட்டியது, 2021இல் சீமென்ஸ் கமேசா ரெசினைக் கரைத்து நூலைத் திரும்ப எடுக்கக்கூடிய காற்றாலை இறக்கையை அறிவித்தது. நம் பட்டறைக்கு வர நாளாகும். அதுவரை ஓட்டைத் தொட்டியைத் தூக்கி எறியாமல் கொண்டுவாருங்கள், உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து இரண்டு மேட் ஒட்டினால் இன்னும் பல வருடம் ஓடும்.

மேட் வெட்டினால் உடம்பெல்லாம் அரிக்கிறது, என்ன செய்வது?

சொறியாதீர்கள், சொறிந்தால் தூள் இன்னும் உள்ளே போகும். முழுக்கைச் சட்டை, முகமூடி போட்டு வெட்டுங்கள், முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் குளியுங்கள், வெந்நீர் ஆகாது. அந்தச் சட்டையை வீட்டுத் துணியோடு சேர்த்து ஊறவைத்தால் என்ன ஆகும் என்று என் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.